இரண்டு அச்சங்கள்: மின்னணு உடல்நலப் பதிவேடும் மருத்துவர், மக்கள் மனநிலையும்

மின்னணு உடல்நலப் பதிவேடு பற்றி மருத்துவர்களிடமும் பொதுமக்களிடமும் கருத்துக் கேட்ட ஆய்வுகள் கடந்த இருபது ஆண்டுகளில் பல நாடுகளில் நடந்துள்ளன. அவற்றைச் சேர்த்துப் படிப்பவருக்கு, இரு தரப்பினரும் தயங்குகிறார்கள் என்பதைவிட, அவர்களுடைய தயக்கத்தின் காரணங்கள் ஒன்றுக்கொன்று எதிர்த்திசையில் இருக்கின்றன என்பதே பெரிதாகத் தெரியும். மருத்துவர், தாம் எழுதிய குறிப்பை நோயாளி படித்துவிடுவாரோ என்று அஞ்சுகிறார். நோயாளியோ, தம்மைப் பற்றி எழுதப்பட்டதை வேலை கொடுத்தவர், காப்பீட்டு நிறுவனம், உறவினர், காவல்துறை, முகம் தெரியாத கணினித் திருடர் என்று வேறு யாரேனும் படித்துவிடுவாரோ என்று அஞ்சுகிறார். முதல் அச்சம் சோதித்துப் பார்க்கப்பட்டபோது பெருமளவு கரைந்தது. இரண்டாவது அச்சம் நியாயமானதே என்பதை ஒவ்வொரு தகவல் திருட்டும் உறுதி செய்துகொண்டு வருகிறது. ஆயினும் இத்திட்டங்களை வகுத்தவர்கள் முதல் அச்சத்துக்குக் கொடுத்த கவனத்தை இரண்டாவதற்குக் கொடுத்ததாகத் தெரியவில்லை.

பதிவேடு என்ற ஒரே பெயரால் மூன்று வெவ்வேறு ஏற்பாடுகள் குறிக்கப்படுவதால் அவற்றைப் பிரித்து அறிந்துகொள்வது நல்லது. மருத்துவமனை தன் பணிக்காகக் கணினியில் வைத்திருக்கும் நோயாளிக் கோப்பு முதலாவது. அதை எழுதுபவர்கள் மருத்துவர், செவிலியர், கணக்குப் பிரிவினர், அதை வைத்திருப்பது நிறுவனம். பல மருத்துவமனைகளிலிருந்து வரும் தகவல்களை நோயாளியே ஓரிடத்தில் சேர்த்து, வீட்டில் அளக்கும் இரத்த அழுத்தத்தையும் சர்க்கரை அளவையும் அதில் பதிந்து, யாருக்குக் காட்டுவது என்பதையும் தாமே முடிவு செய்யும் தனிநபர் உடல்நலப் பதிவேடு இரண்டாவது. மருத்துவமனைக் கோப்பின் ஒரு பகுதியை நோயாளி கடவுச்சொல்லைக் கொண்டு திறந்து பார்க்க வழி செய்யும் இணையவாசல் மூன்றாவது. இவற்றில் இரண்டாவதுதான் நோயாளிக்கு மிகுந்த அதிகாரம் தருவது என்றாலும், அமெரிக்காவில் அதுவே முதலில் தோற்றது.

மைக்ரோசாஃப்ட் நிறுவனம் 2007 அக்டோபரில் ஹெல்த்வால்ட் என்ற சேவையையும், கூகுள் நிறுவனம் 2008 மே மாதத்தில் கூகுள் ஹெல்த் என்ற சேவையையும் தொடங்கின. தங்கள் உடல்நல வரலாற்றைத் தாங்களே திரட்டி வைத்துக்கொள்ள மக்கள் திரண்டு வருவார்கள் என்று இரு நிறுவனங்களும் எதிர்பார்த்தன, மக்கள் வரவில்லை. எதிர்பார்த்த அளவு பரவலான பயன்பாடு ஏற்படவில்லை என்று கூறி, கூகுள் தன் சேவையை 2012 சனவரி 1-ஆம் நாளுடன் நிறுத்தியது. ஹெல்த்வால்ட் 2019 நவம்பர் வரை தாக்குப்பிடித்து அதுவும் மூடப்பட்டது. விளம்பர வருவாயில் வாழும் நிறுவனத்திடம் நோய் விவரங்களை ஒப்படைப்பதில் இருந்த கூச்சம் ஒரு காரணம். விவரங்களை ஒவ்வொன்றாகத் தாமே தட்டச்சு செய்து ஏற்ற வேண்டியிருந்த சலிப்பு அதைவிடப் பெரிய காரணம். உடல்நலத்தோடு இருப்பவருக்கு அந்த உழைப்புக்குத் தேவை இல்லை, நோயுற்றவருக்கு அதற்குத் தெம்பு இல்லை.

தானாகத் தகவல் வந்து சேர்ந்த இடங்களில் வேறொரு சிக்கல் வெளிப்பட்டது. சிறுநீரகப் புற்றுநோயிலிருந்து மீண்டவரும், பின்னர் நோயாளி உரிமைக்காகப் பேசுபவராக உலகெங்கும் அறியப்பட்டவருமான டேவ் டிபிராங்கார்ட், 2009-இல் பாஸ்டன் நகரின் பெத் இஸ்ரேல் டீக்கனஸ் மருத்துவமனையிலிருந்து தம் பதிவுகளைக் கூகுள் ஹெல்த்துக்கு மாற்றியபோது, தமக்கு ஒருபோதும் இல்லாத நோய்கள் தம் பெயரில் வரிசையாக நிற்பதைக் கண்டார். மருத்துவமனை அனுப்பியது மருத்துவரின் குறிப்புகளை அன்று, காப்பீட்டு நிறுவனத்திடம் பணம் பெறுவதற்காக எழுதப்பட்ட கட்டணக் குறியீடுகளை. ஒரு நோய் இருக்கிறதா என்று பார்க்க எடுத்த ஸ்கேனுக்குரிய குறியீடு, அந்த நோய் இருப்பதாகவே பதிவேட்டில் ஏறிவிடும். அது எந்த ஆண்டுக்குரியது என்பதும் தெரியாது. பாஸ்டன் குளோப் நாளிதழ் முதல் பக்கத்தில் இச்செய்தியை வெளியிட்ட பிறகு அம்மருத்துவமனை கட்டணக் குறியீடுகளை அனுப்புவதை நிறுத்தியது. பதிவில் உள்ள பிழையை முதலில் கண்டுபிடிக்கக்கூடியவர் அந்தப் பதிவுக்குரியவரே என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை. நோயாளி படித்தால் குழப்பம்தான் மிஞ்சும் என்ற வாதத்தை எதிர்கொள்ளும் எவரும் இந்த நிகழ்விலிருந்தே தொடங்கலாம்.

அந்த வாதம் கணினிக்கு முந்தியது. பட் ஷென்கின், டேவிட் வார்னர் ஆகிய இருவரும், நோயாளிக்கு அவருடைய மருத்துவப் பதிவின் படியைக் கேட்காமலே கொடுத்துவிட வேண்டும் என்று 1973-இல் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின் இதழில் எழுதினர். அன்று பல அமெரிக்க மாநிலங்களில் நோயாளி தம் பதிவைப் பார்க்க வழக்குத் தொடுக்க வேண்டியிருந்தது. 1996-இல் இயற்றப்பட்ட ஹிப்பா சட்டத்தின்கீழ் அமைந்த தனியுரிமை விதிகள் 2003-இல் நடைமுறைக்கு வந்த பின்னரே, பதிவைப் பார்க்கவும் படி எடுக்கவும் நாடு முழுவதற்குமான உரிமை கிடைத்தது. உரிமை ஏட்டில் வந்த பிறகும் விண்ணப்பம், கட்டணம், காத்திருப்பு ஆகியவை இருந்தன. ஏறத்தாழ எவரும் கேட்பதில்லை என்பதையே, எவருக்கும் விருப்பமில்லை என்பதற்குச் சான்றாகக் காட்டும் வழக்கமும் இருந்தது.

இதைச் சோதித்தறிய 2010-இல் தொடங்கப்பட்டதே ஓப்பன்நோட்ஸ் என்ற ஆய்வு. டாம் டெல்பாங்கோ, ஜேன் வாக்கர் ஆகியோர் வழிநடத்திய இந்த ஆய்வில், பாஸ்டனின் பெத் இஸ்ரேல் டீக்கனஸ், பென்சில்வேனியாவின் கைசிங்கர், சியாட்டிலின் ஹார்பர்வியூ ஆகிய மூன்று இடங்களைச் சேர்ந்த 105 முதல்நிலை மருத்துவர்கள், அதாவது குடும்ப மருத்துவர்களைப் போல எல்லா நோய்க்கும் முதலில் பார்க்கப்படுபவர்கள், ஒவ்வொரு சந்திப்புக்குப் பின்னரும் தாம் எழுதிய குறிப்பை நோயாளி இணையவாசலில் படிக்க ஓராண்டு இசைந்தனர். தொடங்குவதற்கு முன் கருத்துக் கேட்டபோது, நோயாளிகளின் கவலை பெருகும் என்று ஆய்வில் சேர்ந்த மருத்துவர்களிலேயே ஏறத்தாழப் பாதிப்பேரும், சேர மறுத்தவர்களில் மிகப் பெரும்பாலோரும் கருதினர். நோயாளிகளில் அவ்வாறு நினைத்தவர்கள் ஆறில் ஒருவர்கூட இல்லை. ஒரே குறிப்பைப் பற்றி எழுதுபவரும் எழுதப்படுபவரும் கொண்டிருந்த எதிர்பார்ப்பில் இருந்த இந்த இடைவெளியே ஆய்வின் முதல் கண்டுபிடிப்பு.

முடிவுகள் 2012-இல் வெளியாயின. குறிப்பு காத்திருந்த 13,564 நோயாளிகளில் 11,797 பேர் ஒரு முறையேனும் அதைத் திறந்து படித்திருந்தனர். பின்னர் நடந்த கணிப்பில் விடையளித்தவர்களில் இடத்துக்கு இடம் 77 முதல் 87 விழுக்காட்டினர், தம் சிகிச்சை தம் கைக்குள் இருக்கும் உணர்வு கூடியது என்றனர். மருந்து உட்கொள்பவர்களில் 60 முதல் 78 விழுக்காட்டினர், மருந்தை முறையாக எடுத்துக்கொள்வது மேம்பட்டது என்றனர். குழப்பமோ கவலையோ மனவருத்தமோ ஏற்பட்டதாகச் சொன்னவர்கள் 1 முதல் 8 விழுக்காடு மட்டுமே. சந்திப்பு நேரம் நீண்டதாகச் சொன்ன மருத்துவர்கள் 5 விழுக்காட்டைத் தாண்டவில்லை. நோயாளிகள் அனுப்பும் மின்செய்திகளின் எண்ணிக்கையும் மாறவில்லை. ஓராண்டு முடிந்து, விரும்பினால் நிறுத்திக்கொள்ளலாம் என்று சொல்லப்பட்டபோது ஒரு மருத்துவர்கூட நிறுத்தவில்லை. நோயாளிகளில் 99 விழுக்காட்டினர் தொடர வேண்டும் என்றனர்.

இந்த எண்களை மகிழ்ச்சியோடு மேற்கோள் காட்டுபவர்கள் இரண்டு செய்திகளை விட்டுவிடுகிறார்கள். ஆய்வில் சேர்ந்த மருத்துவர்கள் தாமாக முன்வந்தவர்கள் என்பது ஒன்று. ஹார்பர்வியூ மருத்துவமனை ஏழைகளும் வீடற்றவர்களும் மிகுதியாக வரும் இடம். மற்ற இரு இடங்களிலும் நோயாளிகளில் 84, 92 விழுக்காட்டினர் குறிப்பைத் திறந்து பார்த்திருக்க, அங்கு 47 விழுக்காட்டினரே பார்த்தனர் என்பது மற்றொன்று. கதவைத் திறந்து வைத்தால் மட்டும் எல்லாரும் உள்ளே வந்துவிடுவதில்லை; கையில் கணினியும் எழுத்தறிவும் ஓய்வும் உள்ளவர் முந்தி வருகிறார்.

மருத்துவர்களின் எழுத்தும் மாறியது. குறிப்பின் உள்ளடக்கத்தை மாற்றிக்கொண்டதாக 3 முதல் 36 விழுக்காட்டு மருத்துவர்கள் ஒப்புக்கொண்டனர். உடற்பருமன், மனநலம், போதைப் பழக்கம், புற்றுநோய் ஆகியவற்றை எழுதும்போதே இந்தத் தயக்கம் அதிகம். இதில் நன்மையும் தீமையும் கலந்திருக்கின்றன. நோயாளியை இழிவாகக் குறிக்கும் சொற்கள் மறைவது நன்மை. ஆனால் மருத்துவக் குறிப்பு என்பது முடிந்த முடிவுகளின் பட்டியல் மட்டும் அன்று, ஐயங்களையும் பதிவு செய்து அடுத்த மருத்துவருக்கு வழிகாட்ட வேண்டிய ஆவணம், ஆதலால் புற்றுநோயாக இருக்கலாம் என்ற ஐயத்தை எழுதாமல் விடுபவர் நோயாளிக்குத் தீங்கே செய்கிறார். குறிப்பின் உள்ளடக்கத்துக்குத் தம் ஒப்புதல் பெறப்பட வேண்டும் என்று நோயாளிகளில் மூன்றில் ஒருவர் கேட்டனர். மருத்துவர்களில் 85 முதல் 96 விழுக்காட்டினர் அதை மறுத்தனர். இந்த ஒரு பூசலில் மருத்துவர்கள் பக்கமே நியாயம் இருக்கிறது. எழுதியவர் தம் கருத்துக்குப் பொறுப்பேற்க வேண்டுமானால் அக்கருத்து அவருடையதாகவே இருக்க வேண்டும். நோயாளி தம் மறுப்பையும் திருத்தத்தையும் அதன் அருகிலேயே எழுதிச் சேர்க்க வழி இருந்தால் போதும். அதை நோயாளிகளில் ஏறத்தாழ 60 விழுக்காட்டினர் விரும்பவும் செய்தனர்.

ஆய்வாக இருந்தது அமெரிக்காவில் பின்னர் சட்டமாயிற்று. 21-ஆம் நூற்றாண்டு நிவாரணச் சட்டம் 2016 டிசம்பரில் இயற்றப்பட்டு, தகவலைத் தடுத்து வைப்பதற்கு எதிரான அதன் விதிகள் 2021 ஏப்ரல் 5 முதல் நடைமுறைக்கு வந்தன. பரிசோதனை முடிவு தயாரானவுடன், மருத்துவர் பார்த்தாரா இல்லையா என்று காத்திராமல், நோயாளிக்கும் அது கிடைக்க வேண்டியதாயிற்று. மருத்துவர்களின் முதல் அச்சம் இங்கேதான் உண்மையான பிடிமானம் பெறுகிறது. மருத்துவரின் விளக்கத்தோடு எழுதப்பட்ட குறிப்பு வேறு. திசு எடுத்துச் சோதித்த பயாப்ஸி முடிவு வெள்ளிக்கிழமை இரவில் கைப்பேசியில் தனியே வந்து நிற்பது வேறு. வாண்டர்பில்ட் பல்கலைக்கழக மருத்துவ மையத்தில் நடந்த ஆய்வு, மருத்துவருக்கு முன்பே நோயாளி பார்க்கும் முடிவுகளின் பங்கு பத்தில் ஒன்றிலிருந்து பத்தில் நான்காக உயர்ந்ததையும், முடிவைப் பார்த்த கையோடு நோயாளிகள் அனுப்பும் கேள்விகள் ஏறத்தாழ இருமடங்கானதையும் காட்டியது. ஆனால் 2023-இல் வெளியான மற்றொரு ஆய்வில் விடையளித்த எண்ணாயிரத்துக்கும் மேற்பட்டோரில் 96 விழுக்காட்டினர், மருத்துவர் பார்ப்பதற்கு முன்னரே ஆனாலும் முடிவு உடனே வேண்டும் என்றனர். முடிவு இயல்புக்கு மாறாக வந்தவர்களும் ஏறத்தாழ அதே அளவில் அவ்வாறே சொன்னார்கள். கெட்ட செய்தியைத் தனியே படித்த துன்பத்தைவிட, அது வந்துவிட்டதா என்று தெரியாமல் காத்திருக்கும் துன்பம் பெரிது என்பதே அவர்களின் விடை என்று கொள்ளலாம்.

மருத்துவர்களின் எதிர்ப்பைத் தொழில் செருக்கு என்று மட்டும் எண்ணுவது நியாயமன்று. ஒபாமா ஆட்சியில் 2009-இல் வந்த ஹைடெக் சட்டம் மின்னணுப் பதிவேட்டுக்கு ஊக்கத்தொகை அளித்ததால், அடிப்படைப் பதிவேட்டு முறை கொண்ட அமெரிக்க மருத்துவமனைகள் 2008-இல் பத்தில் ஒன்றாக இருந்தது 2015-இல் பத்தில் எட்டுக்கு மேலாயின. இந்த வேகத்துக்கு விலை கொடுத்தது மருத்துவரின் நேரம். நோயாளியோடு நேரில் செலவிடும் ஒவ்வொரு மணி நேரத்துக்கும் மருத்துவர் ஏறத்தாழ இரண்டு மணி நேரத்தைப் பதிவேட்டிலும் மேசை வேலையிலும் செலவிடுகிறார் என்று 2016-இல் வெளியான ஆய்வு ஒன்று அளந்து சொன்னது. அமெரிக்க மருத்துவக் குறிப்புகள் பிற நாடுகளின் குறிப்புகளைப் போல ஏறத்தாழ நான்கு மடங்கு நீளமானவை. கட்டணம் பெறவும் வழக்கிலிருந்து தப்பவும் சேர்க்கப்படும் வரிகளே அந்த நீளத்துக்குக் காரணம். இந்த நிலையில் இன்னொரு வாசகரையும் மனத்தில் வைத்து எழுது என்று சொல்லும்போது மருத்துவர் முகம் சுளிப்பது இயல்பு. சுமையைக் குறைக்காமல் அவர் மனநிலையை மட்டும் குறைகூறும் கட்டுரைகள் பயனற்றவை.

ஸ்வீடனின் உப்சாலா வட்டாரத்தில் 2012 நவம்பரில் நோயாளிகளுக்குப் பதிவுகள் இணையத்தில் திறந்துவிடப்பட்டபோது மருத்துவர் சங்கம் கடுமையாக எதிர்த்தது; தங்களைக் கலந்து பேசவில்லை என்பது அவர்களின் முதல் குறை. அங்கே கண்ட தீர்வு எளிமையானது. குறிப்பை உடனே பார்ப்பதா, 14 நாள் கழித்துப் பார்ப்பதா என்பதை நோயாளியே தேர்ந்தெடுத்தார். நோயாளியின் மன அமைதி பற்றிய முடிவை மருத்துவரிடமும் விடாமல், சட்டத்திடமும் விடாமல், உரியவரிடமே விட்டது இந்த ஏற்பாடு. இன்று ஸ்வீடனின் 21 வட்டாரங்களிலும் பதிவுகள் நோயாளிக்குத் திறந்திருக்கின்றன.

மக்களின் அச்சத்துக்கு வரும்போது கணக்கு வேறு விதமாக இருக்கிறது. பின்லாந்தின் வாஸ்தாமோ என்ற உளசிகிச்சை நிறுவனத்திலிருந்து ஏறத்தாழ 33,000 பேரின் பதிவுகள் திருடப்பட்டது 2020 அக்டோபரில் வெளியே தெரியவந்தது. திருடியவர் முதலில் நிறுவனத்திடம் பணம் கேட்டார். பிறகு நோயாளிகளுக்கே தனித்தனியாக மின்னஞ்சல் அனுப்பி, ஆளுக்கு 200 யூரோ தராவிட்டால் உளசிகிச்சையாளரிடம் அவர்கள் மனம் விட்டுப் பேசியவை வெளியிடப்படும் என்று மிரட்டினார். திருடப்பட்ட கடவுச்சொல்லை மாற்றலாம். இளமையில் நேர்ந்த கொடுமை பற்றி ஒருவர் சொன்னதை மாற்ற முடியாது. சிங்கப்பூரில் 2018-இல் சிங்ஹெல்த் அமைப்பிலிருந்து 15 லட்சம் பேரின் விவரங்கள் களவுபோயின. அவர்களில் 1,60,000 பேரின் மருந்து விவரங்களும் போயின, அன்றைய பிரதமர் லீ சியன் லூங்கின் பதிவு குறிவைத்துத் தேடப்பட்டது. அமெரிக்காவில் 2024 பிப்ரவரியில் சேஞ்ச் ஹெல்த்கேர் நிறுவனத்தின் மீது நடந்த தாக்குதல் ஏறத்தாழ 19 கோடிப் பேரைத் தொட்டது. இந்தியாவில் 2022 நவம்பரில் தில்லி எய்ம்ஸ் மருத்துவமனையின் கணினிகள் முடக்கப்பட்டு, நாட்கணக்கில் எல்லாம் கையால் எழுதப்பட்டன.

ஓப்பன்நோட்ஸ் ஆய்விலேயே நோயாளிகளில் 26 முதல் 36 விழுக்காட்டினர் தனியுரிமை பற்றிய கவலையைத் தெரிவித்திருந்தனர். மற்ற எண்களுக்குக் கிடைத்த புகழ் இதற்குக் கிடைக்கவில்லை. ஆஸ்திரேலியாவில் இந்தக் கவலை அரசியலாகவே வெடித்தது. 2012 முதல் விரும்பியவர் சேரலாம் என்றிருந்த பதிவேட்டை, 2018-இல் விலக விரும்புவோர் மட்டும் சொல்லிவிட்டு விலகலாம், மற்ற எல்லாருக்கும் தானாகவே தொடங்கப்படும் என்று அரசு மாற்றியது. நீதிமன்ற ஆணை இல்லாமலே காவல்துறைக்குப் பதிவுகளைத் தர அப்பதிவேட்டுக்கான சட்டத்தில் இடம் இருந்தது தெரியவந்ததும் எதிர்ப்பு மூண்டது. ஆணை கட்டாயம் என்றும், விலகியவரின் பதிவு முற்றிலும் அழிக்கப்பட வேண்டும் என்றும் அவ்வாண்டே சட்டம் திருத்தப்பட்டது. விலகுவதற்கான காலக்கெடு முடிந்தபோது ஏறத்தாழ 25 லட்சம் பேர் விலகியிருந்தனர். ஜெர்மனியும் இதே பாதையில் நடந்தது. 2021 முதல் விருப்பத்தின் பேரில் இருந்த மின்னணுக் கோப்பில் மிகச் சிலரே சேர்ந்ததால், 2025-இல் அனைவருக்கும் தானாகத் தொடங்கப்பட்டது; அதற்குச் சில வாரங்கள் முன்னர்தான் கேயாஸ் கம்ப்யூட்டர் கிளப் என்ற கணினி வல்லுநர் அமைப்பு அதன் பாதுகாப்பு ஓட்டைகளை மேடையில் விளக்கிக் காட்டியிருந்தது. மக்கள் சேராததற்கு அறியாமையே காரணம் என்று எண்ணி, கேட்காமலே சேர்த்துவிடுவது எளிது. அவர்களுடைய தயக்கத்துக்குப் பதில் சொல்வது கடினம்.

அப்படிப் பதில் சொன்ன நாடு எஸ்டோனியா. நாடு தழுவிய உடல்நலத் தகவல் முறை அங்கு 2008 இறுதியிலிருந்து இயங்குகிறது. தம் பதிவை யார், எப்போது திறந்து பார்த்தார்கள் என்ற பட்டியலை ஒவ்வொரு குடிமகனும் காணலாம். குறிப்பிட்ட பதிவைப் பிறர் பார்க்கவியலாதபடி மூடியும் வைக்கலாம். அண்டை வீட்டாரின் கோப்பை ஆவலால் திறக்கும் மருத்துவமனை ஊழியர், தம் பெயர் அந்தப் பட்டியலில் நிற்கும் என்பதை அறிந்தே திறக்க வேண்டும். வெளியிலிருந்து வரும் திருடரை இது தடுக்காது. உள்ளிருந்து எட்டிப் பார்ப்பவரைத் தடுக்கிறது, மக்கள் அன்றாடம் அஞ்சுவது பெரும்பாலும் அவரைத்தான்.

தமிழ்நாட்டு நோயாளிக்குத் தம் பதிவைத் தாமே வைத்திருப்பது புதிதன்று. ஓ.பி. சீட்டு, லேப் ரிப்போர்ட், எக்ஸ்ரே, டிஸ்சார்ஜ் சம்மரி அனைத்தையும் ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டு எடுத்துச் செல்வது இங்கு வழக்கம். அமெரிக்க நோயாளி வழக்காடிப் பெற்றதை இங்குள்ளவர் வழக்கத்தால் பெற்றிருக்கிறார். உள்நோயாளிகளின் கேஸ் ஷீட் மட்டும் மருத்துவமனையில் தங்கிவிடும். ஆனால் பையில் இருப்பவை ஆங்கிலத்தில் இருக்கின்றன. வைத்திருப்பவரால் படிக்க இயலாத பதிவு அவருடையது என்று சொல்வதில் பொருள் குறைவு. 2021 செப்டம்பரில் நாடு முழுவதற்கும் விரிவாக்கப்பட்ட ஆயுஷ்மான் பாரத் டிஜிட்டல் திட்டத்தின் 14 இலக்க ஆபா எண்ணைப் பலர் அரசு மருத்துவமனை வரிசையில் சீட்டுப் பெறும் வழியாகவே அறிவார்கள். ஒரே கைப்பேசியை ஒரு குடும்பமே பயன்படுத்தும் வீடுகளில், ஒரு பெண்ணின் கருக்கலைப்போ, ஒரு மகனின் மனநலச் சிகிச்சையோ, ஒருவரின் எச்.ஐ.வி. மருந்தோ திரையில் தோன்றுவது, தொலைதூரத் திருடரைவிடப் பெரிய ஆபத்து. மேலைநாட்டுக் கருத்துக்கணிப்புகளின் கேள்விகளை அப்படியே இங்கே கேட்டால் இந்த அச்சம் விடைகளில் வராது. யார் திறந்தார்கள் என்ற பட்டியல், விரும்பிய பகுதியை மூடி வைக்கும் வசதி, தமிழில் ஒரு சுருக்கம் ஆகிய மூன்றையும் கேட்டுப் பெறுவதற்கான காலம், திட்டம் இறுகிப்போவதற்கு முந்தைய இந்தக் காலம்தான்.

கையில் ஏற்கெனவே இருக்கும் உரிமையையும் நோயாளிகள் பயன்படுத்த வேண்டும். இந்திய மருத்துவக் கழகத்தின் 2002-ஆம் ஆண்டு நெறிமுறை விதிகளின்படி, உள்நோயாளிப் பதிவுகளை மருத்துவர் மூன்று ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும். நோயாளியோ அவரால் அதிகாரம் பெற்றவரோ கேட்டால் 72 மணி நேரத்துக்குள் அவற்றைக் கொடுக்க வேண்டும். 2017-ஆம் ஆண்டு மனநலப் பாதுகாப்புச் சட்டத்தின் 25-ஆவது பிரிவு, மனநலச் சிகிச்சை பெறுபவருக்கும் தம் அடிப்படை மருத்துவப் பதிவுகளைப் பெறும் உரிமையைத் தருகிறது. மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பும் நாளிலேயே இதை எழுத்தில் கேட்டு, கேட்டதற்கான ஒப்புகையையும் வாங்கிக்கொள்ளுங்கள்.